பத்தி நான்கு, உட்பிரிவு ஆ

ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று
தேவசேனாதிபதி சொன்னார்:
"நாமக்கல் மாவட்டம், நிலுவை பூஜ்யமுங்க மேடம்."
கைதட்டச் சொன்னது நான்தான்.
முட்டை போண்டா வந்தது.

வாங்காத மனுவுக்கும் கணக்கு பூஜ்யம்தான் என்பது
துறைத் தலைவி எனக்கு
ராத்திரி பத்தரைக்குத்தான் உறைத்தது.
விருந்தினர் மாளிகைக்கு வெளியே
பாடி கட்டி முடித்த புது லாரி ஒன்று
ஹாரனைச் சோதித்துக்கொண்டே இருந்தது.
காற்று திரும்பியபோது
கோழிப்பண்ணை வாடை உள்ளே வந்து
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது.

காலையில் யாருக்கும் சொல்லாமல் போனேன்.
டவாலி இல்லை.
டிரைவர் நல்லுசாமி டீக்கடையில்.
திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலக வேப்பமரத்தடி.
மனு எழுதுகிறவருக்கு அன்று ஏதோ கல்யாணமாம்.

"ஏனுங்க அம்மணி, பேனா இருக்குதுங்களா?
அப்படியே நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா
புண்ணியமாப் போகும்."

பழனாத்தாள். மல்லசமுத்திரம்.
தறிப்பட்டறையில் தார் போடுகிற வேலை.
வலது கை விரலிடுக்கில் நூல் அறுத்த கோடுகள்.
"ஊட்டுக்காரரு போர் வண்டியில போனாருங்க,
ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம்.
அஞ்சு வருசம் முடிஞ்சுபோச்சு.
பணமும் வரல, பொணமும் வரல.
இருக்கறாருன்னு எழுதறதா
இல்லைன்னு எழுதறதான்னு
நீங்களே பாத்துப் போடுங்க."

மூன்று முறை திருப்பியிருக்கிறார்கள்.
ரப்பர் முத்திரையில் காரணம்: பத்தி 4 (ஆ).
கணவர் காணாமற்போய் ஏழாண்டு முடிந்ததற்குக்
காவல் நிலையச் சான்று இணைக்கப்படவில்லை.

அந்தப் பத்தியை எனக்குத் தெரியும்.
அரைப்புள்ளி எந்த இடத்தில் என்றுகூடத் தெரியும்.
போலிகளை வடிகட்ட
காய்ச்சலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினேன்.
கச்சிதமான வரைவு என்று
நிதித்துறையில் பாராட்டினார்கள்.

எழுதிக் கொடுத்தேன்.
மூன்றாவது ஜன்னலில் இருந்து
ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்தாள்.
"பச்சை மையில எழுதக்கூடாதாமுங்க.
அது ஆபீசருங்க மையாமா."

ஜன்னலுக்குள் இருந்த பையனுக்கு
இருபத்தைந்து வயதிருக்கும்.
அவன் சொன்னது சரி.
விதிகளைப் பிசகாமல் பின்பற்றுக என்று
போன தையில் சுற்றறிக்கை விட்டவளும் நான்.
கோபப்படலாம் என்று தேடினேன்,
அகப்படவில்லை.

ஜெராக்ஸ் கடையில் நீலப்பேனா, ஐந்து ரூபாய்.
மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து
மறுபடி தொடங்கினேன்.
பெறுநர்: இயக்குநர் அவர்கள், சமூக நலம், சென்னை.
என் கையெழுத்தில் என் முகவரி.
வழக்கப்படி "ஐயா" என்று போட்டு,
அடித்து, "அம்மா" என்று திருத்தினேன்.

எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்த பழனாத்தாள்
அங்கே நின்றாள்.
"மேல இருக்கறது பொம்பளைங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்பறம் ஏனுங்க அப்படி எழுதி வெச்சாங்க?"

பேனா மூடியைத் தேடினேன்.
அது என் கையிலேயே இருந்தது.

டோக்கன் எண் இருநூற்றுப் பதினாலு.
பழைய மஞ்சப்பையில் அதை
ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தாள்.
"டீ குடிச்சுட்டுப் போங்க" என்றாள்,
அவள்தான் காசு கொடுத்தாள்.

ராசிபுரம் தாண்டியதும்
சுற்றறிக்கையை எடுத்து, பச்சைப்பேனாவைத் திறந்து
உட்பிரிவு ஆ-வின் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
ரத்து செய்ய நிதித்துறை இசைவு வேண்டும்,
அவர்கள் கேட்பார்கள்: இதற்குப் பதில் என்ன?

வண்டி குலுங்கியதில் மை ஓரத்தில் இழுபட்டது.
பணமும் வரல, பொணமும் வரல.
இருபத்தாறு வருட அலுவல் தமிழில்
அதற்கு ஒரு சொல் தேடினேன்.
சேலம் வந்துவிட்டது.
நல்லுசாமி கேட்டார்,
"நேரா ஸ்டேசனுக்குங்களா மேடம்?"