மூன்றில் ஒரு பங்கு

"சனிக்கிழமைக்குள்ள முழுசும் சாகணும்"
என்கிறார் ஓடெல் ப்ரூவிட்.
அன்று அவர் மகள் டெல்பியாவுக்குக் கல்யாணம்.
கரையில் எண்பது நாற்காலி.
போட்டோவுக்குக் கண்ணாடி போலத் தண்ணீர் வேண்டுமாம்.

இன்று திங்கள்.
கென்டக்கியின் ஜூலை வெயிலில்
சோளம் ஆளை மறைக்கிறது.
அரை ஏக்கர் குளம்.
அடியில் வேலம்பாசி, ஓரத்தில் சம்பு,
நடுவில் யாரோ விரித்து மறந்த
பச்சை ஜமுக்காளம்.

வண்டியில் மருந்து இருக்கிறது,
பையில் உரிமச் சீட்டு இருக்கிறது.
ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்ல என்னால் முடியும்.
சிக்கலே அதுதான்.

"மூணுல ஒரு பங்குதான்" என்கிறேன்.
"மிச்சம்?"
"ரெண்டு வாரம் கழிச்சு."
அவர் பார்த்த பார்வையிலேயே
என் கூலியில் பாதி கழிந்துவிட்டது.

அவரிடம் நான் சொல்லாதது:
தொழிலுக்கு வந்த முதல் கோடையில்
ஹாலோவே பண்ணைக் குளத்தை
ஒரே மத்தியானத்தில் முடித்துக் காட்டினேன்.
குளத்தில் அடிக்கத்தக்க மருந்துதான்.
அளவும் பிசகவில்லை.
"பகுதி பகுதியாக" என்ற வரியை மட்டும்
கண் தாண்டிப் போயிற்று.
செத்த செடி அழுகும்.
அழுகுவதற்கும் மூச்சு வேண்டும்.
நான்காம் நாள் விடியலில்
கெளுத்திகள் வாயைத் தூக்கி
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.
ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டன.
நூற்றுப் பதினொன்று.
எண்ணுவதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை.

செவ்வாய் முழுக்கக் காற்று,
நேராகத் தக்காளிப் பாத்தியைப் பார்த்து.
வண்டியில் உட்கார்ந்து
வேர்க்கடலை தின்றேன்.
ஓடெல் இரண்டு முறை வந்து
வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

புதன் விடியலில் சோளத்தாள் ஆடவில்லை.
கையுறை, கண்ணாடி, முழங்கால் பூட்ஸ்.
கிழக்கு மூலையில் தொடங்கி
நட்டுவைத்த குச்சி வரைக்கும்.
அதற்கு மேல் ஒரு கை அகலமும் இல்லை.
காலிக் கேனை மூன்று தரம் அலசி
அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றினேன்.
பசுக்கள் குடிக்கக் கூடாத நாட்களை
வேலிக்கதவில் சாக்பீஸால் எழுதினேன்.
ஒரு பசு வந்து அதை நக்கியது.

சனிக்கிழமை குளம் எப்படி இருந்தது?
இரண்டு பங்கு பச்சை,
ஒரு பங்கு ஆறிப்போன டீ.
போட்டோக்காரர் எல்லோரையும்
களஞ்சியத்தின் பக்கம் திருப்பிவிட்டாராம்.

ஞாயிறு, மணி ஐந்தரை. டெல்பியா போனில்:
"மீனெல்லாம் வாயைத் தூக்கிட்டு நிக்குது."
பதினோரு மைல்.
வழியில் ஒரு சிவப்பு விளக்கை நான் பார்க்கவில்லை.

கரையில் ஓடெல்.
கல்யாணக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு
மிஞ்சிய கேக்கைப் பிய்த்துப் பிய்த்துப் போடுகிறார்.
நூறு வாய்கள் திறந்து மூடுகின்றன,
அடிதடி, வால்வீச்சு,
க்ரீம் ஒட்டிய மீசைகள்.

என் கால் நடுங்கியதை அவர் கவனிக்கவில்லை.
"இது உன் லேபிள்ல இருக்கா?" என்றார்
கேக்கைக் காட்டி.

இல்லை என்றேன்.
ஒரு துண்டு வாங்கி
பாதியை நான் தின்றேன்.