தோற்க வேண்டிய கெட்டில்

சிவப்பு நாடா சுற்றிய அந்தக் கெட்டிலில்
ஒருநாளும் தண்ணீர் கொதித்ததில்லை.
அதன் வயிற்றுக்குள் ஒரு கம்பியின் தோலை
நாங்களேதான் உரித்து
எஃகு உடம்போடு ஒட்டவிட்டிருக்கிறோம்.
ஷிஃப்டு மாறும்போதெல்லாம்
முதலில் மேசையேறுவது அதுதான்.
ஆயிரத்து இருநூற்று ஐம்பது வோல்ட்,
ஒரே ஒரு நொடி.
அது தோற்க வேண்டும்.
விளக்கு சிவந்து சங்கு அலறினால்தான்
சோதனை எந்திரத்துக்குக் காது கேட்கிறது என்று பொருள்.

நேற்றிரவு பத்து மணிக்கு அலறியது.
கையெழுத்துப் போட்டேன்: ருமியானா, மேசை நான்கு.
பிறகு விடியும்வரை பச்சை, பச்சை, பச்சை.
வெளியே ப்ளோவ்டிவ் முழுக்கப் பனி.
மூன்று மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து ஆறிப்போன காபி.
நல்ல இரவு என்று நினைத்துக்கொண்டேன்,
ஒன்றுகூடத் தோற்காத இரவு.

ஆறு மணிக்கு ஸ்வெதானா வந்தாள்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நாடாக் கெட்டிலை வைத்து மூடியை இறக்கினாள்.

பச்சை.

துடைத்து, மறுபடியும் வைத்தாள்.
பச்சை.

மேசையிலிருந்து போகும் கம்பி
உறைக்குள் அறுந்திருந்தது.
மேலே மழமழவென்று, புதுசு மாதிரி.
எத்தனை மணிக்கு அறுந்ததோ.
இரவெல்லாம் நான் கேட்ட கேள்வி
எந்தக் கெட்டிலுக்கும் போய்ச் சேரவேயில்லை.
பதில் வராததை
பழுதில்லை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆயிரத்து நூற்று நாற்பது கெட்டில்கள்.
பாதி லாரியில்.
லாரி வாசலில், எஞ்சின் ஓடியபடி.

நிறுத்த முடியுமா என்று தொப்ரோமிரைக் கேட்டேன்.
தலையை மேலும் கீழும் ஆட்டினார்.
வெளியூர்க்காரர்கள் சம்மதம் என்று ஏமாறும் ஆட்டம்.
எங்கள் ஊரில் அதற்கு, முடியாது.

ஸ்வெதானா ஒன்றும் பேசவில்லை.
நேரே பனியில் இறங்கிப் போய்
லாரிக்கு முன்னால் நின்றாள்.
கோட்டைக் கழற்றாததும் நல்லதாயிற்று.

புதுக் கம்பி மாட்டினோம்.
முதலில் நாடாக் கெட்டில்.
அலறியது.
அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டியைக் கிழித்து,
வைத்து, இறக்கி, எடுத்து.
மத்தியானம் தாண்டி
எழுநூற்றுப் பதினேழாவது கத்தியது.
அடித்தட்டைத் திறந்தோம்.
திருகாணிக்கு அடியில் நசுங்கிய பழுப்புக் கம்பி,
மயிரிழையாய்ச் செம்பு வெளியே.

அதன் அட்டைப்பெட்டியில்
எல்லாப் பெட்டிகளையும்போல் ஒரு பெண் சிரித்தாள்.
ஆவி பறக்கும் கோப்பை. இடது கை
கெட்டிலின் எஃகு உடம்பில் பட்டும் படாமல்.

என்ன பார்க்கிறாய், அடுத்ததை எடு
என்றாள் ஸ்வெதானா.
இன்னும் நானூற்று இருபத்து மூன்று.