நானூற்றைம்பது வாட்

சாயப்பட்டறை பில்லின் பின்பக்கம்
மூன்று மாதமாய் அதே பட்டியல்.
பென்சிலில் எழுதி அழித்து எழுதி அழித்து
தாள் பஞ்சு விட்டிருந்தது.

கிராபிக்ஸ் கார்டு, புதுசு: பன்னிரண்டாயிரம்.
ரேம், இன்னொரு எட்டு: ஆயிரத்து அறுநூறு.
எஸ்எஸ்டி: முடிந்தால்.
கையிருப்பு பன்னிரண்டாயிரத்து நானூறு.
அதில் நானூறு, ஆடிக் கிருத்திகைக்கு
கலாவதியிடம் வாங்கிய கைமாற்று.
அவள் கேட்கமாட்டாள் என்பதை
வரவுப் பக்கம் வைத்தேன்,
பகலெல்லாம் பட்டறைக் கணக்கை
பைசா பிசகாமல் எழுதுகிற நான்.

நகரியில் எங்கள் தெருவுக்கு
மின்சாரம் சொல்லாமல் போகும்.
திரும்புகிற நொடியில்
எதிர்வீட்டு ஆறு தறியும் ஒன்றாய் எழும்.
அந்த முதல் இழுப்பில்
ட்யூப்லைட் கண்ணடிக்கும்,
என் கணினி செத்து
முதலிலிருந்து தன் பெயரைச் சொல்லத் தொடங்கும்.
கடப்பா ஓபுலேசு ஹெட்போனில்
"அக்கா லேது, அக்கா போயிந்தி" என்று
மற்ற இருவருக்கும் துக்கம் சொல்லியிருப்பான்.
நான் உயிரோடு திரும்பும்போது
என் துப்பாக்கி எவன் தோளிலோ.

எல்லாம் பழைய கார்டால்தான் என்று நம்பினேன்.
திரையில் தெரிவதைத்தானே
திட்ட முடியும்.

சனிக்கிழமை லீவு சொல்லி
ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி
ரிச்சி தெருவுக்குப் போனேன்.
படிக்கட்டுக்கு அடியில் ஒரு கடை.
பணத்தை நீட்டினால் ஜக்கரியா வாங்கவில்லை.
"சப்ளை என்ன போட்டிருக்கீங்க?"
"கேபினட்டோட வந்தது."
"எந்த ஊர்?"
சொன்னேன்.
"தறி ஊரா," என்றார்,
டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு
வெளியே பார்ப்பதுபோல.

மேசைக்கு அடியிலிருந்து
என்னுடையதைப் போல ஒன்றை எடுத்து
இடக்கையில் வைத்தார். பொரிப் பொட்டலம்.
வலக்கையில் இன்னொன்று.
கை தானாகத் தாழ்ந்தது.
"யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு
பேரம் பேசாதீங்கம்மா.
யானையே கொஞ்சம் சின்னதா வாங்குங்க."

சின்ன யானை, ஒருவர் ஓட்டிய கார்டு,
ஏழாயிரத்து அறுநூறு.
விசிறியில் ஊதுபத்தி வாசனை.
பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும்.
சப்ளை நாலாயிரத்து இருநூறு.
விளக்கு எரியாது, நிறம் மாறாது,
ஓபுலேசிடம் காட்டிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.
ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் அடித்தேன்.
பென்சில் இல்லை, பேனாவால்.

மீதி அறுநூறு.
ஒரு பிரியாணி சாப்பிட்டதை மறைக்கவில்லை.
பொன்பாடி தாண்டியதும்
பெயர்ப்பலகை எழுத்துகள் உருண்டையாயின.
மடியில் பெட்டி,
தூங்கும் பிள்ளையின் பாரம்.
டிக்கெட் பரிசோதகர் தெலுங்கில் கேட்டார், பாமா என்று.
தமிழில் சொன்னேன், இல்லை, அதற்கு எதிர்ப்பதம் என்று.
அவருக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாக இல்லை.

அன்றிரவு பதினொன்று இருபது.
நாங்கள் நால்வரும் ஒரு பாழடைந்த ஆலைக்குள்
மண்டியிட்டுக் காத்திருந்தோம்.
வெளியே மின்சாரம் போகவில்லை, தடுமாறியது.
ட்யூப்லைட் கண்ணடித்தது.
ஆறு தறியும் நொண்டி, இருமி,
மறுபடி ஓடின.
என் திரை அப்படியே இருந்தது.
காதில் ஓபுலேசு மூச்சு விடும் சத்தம்.
"அக்கா?"
"உன்னானு," என்றேன்.

ரேம் இன்னும் எட்டுதான்.
ஹார்டு டிஸ்க் கிழட்டு மாடு.
புது ஊருக்குள் நுழைந்தால்
முதலில் மழை வருகிறது,
பிறகுதான் மேகம்.
வீடுகள் சுவரில்லாமல் கதவோடு நிற்கின்றன
கொஞ்ச நேரம்.
பொறுத்திருந்தால் சுவரும் வருகிறது.

கலாவதிக்கு முந்நூறு கொடுத்தேன்.
நூறு பாக்கி என்று எழுதப் புதுத் தாள் எடுத்தேன்,
இந்தமுறை செலவுப் பக்கம்.
அதற்குக் கீழே,
ரேம், எட்டு.