ஒன்பதாவது புள்ளி

சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, மாடி அறை.
மே மாதத்து மதியம் தகர ஷீட்டின்மேல்
முழு எடையோடு உட்கார்ந்திருக்கிறது.
கணினியின் விசிறியும் நானும்
ஒரே சத்தத்தில் மூச்சு விடுகிறோம்.

பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
அதற்குள் ஒரு பையன்.
பேரணாம்பட்டிலிருந்து நஸ்ரீன் வரைந்து அனுப்பியவன்.
சிவப்புச் சட்டை, கண் இரண்டு புள்ளி,
வாய்க்கு இடமில்லை.
"நல்லதுதான்" என்றாள் போனில்,
"அத்தனை தடவை சாகப்போறவன்
கத்திக்கிட்டே இருந்தா யாரு தாங்குறது?"

ஓட இரண்டு பொத்தான், குதிக்க ஒன்று.
நடுவழியில் கொடி கிடையாது.
விழுந்தால் முதல் படி.
இந்த ஊர் ஆட்டோவில் ஓடாத மீட்டர்
இங்கே திரையின் மூலையில் ஓடும்:
செத்த கணக்கு.

மூன்றாவது கட்டத்துக்குப் பாலாறு என்று பேர் வைத்தேன்.
பழைய ஆட்டங்களில் தண்ணீரில் விழுந்தால் சாவு.
இங்கே மணல்.
மணலிலும் சாவுதான்.
தாண்டினால் அக்கரையில் முள்.
இலவம்பாடிக் கத்திரிக்காயின் காம்பைப் படம் பிடித்து
குறுக்கிக் குறுக்கி
எட்டுப் புள்ளி அகலத்தில் நிறுத்திய முள்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கீழ்வீட்டு லோகப்பிரியா
ஒன்பதாவது முடித்து லீவில் இருந்தாள்.
என்னிடம் இருந்த ஒரே சோதனையாளர்;
சம்பளம், நாளுக்கு ஒரு பன்னீர் சோடா.
இருநூறு சாவுவரை சிரித்தாள்.
நானூறில் கீபோர்டைத் திட்டினாள்.
ஐந்நூற்று எழுபத்தொன்றில்
கையை எடுத்துவிட்டு மெதுவாகத் திரும்பினாள்.
"படவே இல்லண்ணா.
முள்ளு என்மேல படவே இல்ல."

எல்லோரும் சொல்வதுதான்.
எல்பிடபிள்யூ ஆனவன் எவன் ஒத்துக்கொண்டிருக்கிறான்?
"உனக்குக் கை இன்னும் வரல" என்றேன்.
கஷ்டம்தான் இதன் அழகு என்றேன்.
அந்தக் காலத்து ஆட்டங்கள் இரக்கம் பார்க்காது என்று
நான் பிறக்காத காலத்தைப் பற்றிப்
பத்து நிமிடம் பேசினேன்.
கேட்டுக்கொண்டாள்.
திரும்பிப் போய்ச் செத்தாள்.

அன்று ராத்திரி கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
காட்பாடிப் பக்கம் ஏதோ ஒரு ரயில்
சிக்னலுக்குக் காத்துக் கத்திக்கொண்டிருந்தது.
தூக்கம் வராமல்
கொல்லும் எல்லைகளுக்கெல்லாம் மஞ்சள் நிறம் பூசிப் பார்த்தேன்.

வரைந்த முள் எட்டுப் புள்ளி.
கொன்ற முள் ஒன்பது.

இடப்பக்கம்,
வெறும் காற்றில்,
ஒரு புள்ளி அகலத்துக்கு
நான் எழுதிய சாவு நின்றுகொண்டிருந்தது.

ஒன்பதை எட்டாக்க ஒரு விசை போதும்.
படியிறங்கிப் போய்ச் சொல்லத்தான்
விடியும்வரை ஆயிற்று.

நஸ்ரீன் போனில் கோபப்படவில்லை.
"ஒரு புள்ளி மிச்சம் இருந்துச்சா?
என்கிட்ட குடுத்திருந்தா
வாய் வரைஞ்சிருப்பேனே."

லோகப்பிரியா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
நீ சொன்னது சரி என்றேன்.
நுரையைத் துப்பிவிட்டு யோசித்தாள்.
"அப்ப என் சாவுல
எத்தினி உங்களுது, எத்தினி என்னுது?"

எண்ணத்தான் எழுதியிருந்தேன்.
காரணத்தைச் சேமிக்கும் வரி
எதிலும் இல்லை.
"கணக்க ஜீரோ பண்ணிடட்டுமா?"
"வாணாம். இருக்கட்டும்."

சோடா வாங்கி வைத்தேன்; தொடவில்லை.
முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.
மணல், அக்கரை, தாவல்.
அறுநூற்று முப்பத்தெட்டு.
முதல் முள்ளின் நுனி
சிவப்புச் சட்டையின் ஓரத்தில் நுழைந்ததை
நானும் பார்த்தேன்.

"இது பட்டுச்சுண்ணா!"

மூன்று வாரத்தில் முதல் தடவையாக
சந்தோஷமாகச் செத்து
முதல் படியிலிருந்து
ஓடத் தொடங்கியிருந்தாள்.