இடது கதவு

படப்பிடிப்பு முடிந்த மறுநாள்
ரெண்டு கார்களையும் லொறியில் ஏற்றிவந்து
கல்லடியில் என் கராஜ் வாசலில் இறக்கினார்கள்.
ஒரே மொறிஸ் ஒக்ஸ்போட், ஒரே சிவப்பு,
ஒரே இலக்கத்தகடு.
ஓடுவதற்கு ஒன்று, எரிவதற்கு ஒன்று.

எரிந்ததை ஏறாவூர் லாபிர் காக்கா
தராசில் ஏற்றினார்.
நானூற்றுச் சொச்சம் கிலோ.
கதாநாயகன் இதுக்குள்ள இருந்துதான் பாய்ஞ்சவர் என்றேன்.
"பாய்ஞ்சவரைக் கழிச்சித்தான் நிறுத்திருக்கன்"
என்றார், சிரிக்காமல்.

ஓடியது கிருபைராசா அண்ணருடையது.
வாடகைக்குக் கொடுத்தபோது வெள்ளை.
புத்தகத்தில் இன்னும் வெள்ளை.
அரசடிக்கு ஓட்டிப்போன முதல் நாளே
பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
தண்டச்சீட்டைப் படக்காரர்களுக்கு அனுப்பினார்.
பதிலுக்கு ஒரு போஸ்டர் வந்தது.

வலது கதவில் பதினொரு துளை.
உள்ளே மருந்தை ஒட்டி
வயர் இழுத்து வெடிக்கவைத்தவை.
அதனால் தகரம் வெளிப்பக்கம் பிளந்து
சோளப்பொரி மாதிரி நிற்கும்.
பள்ளிக்கூடப் பொடியள் விரல் விட்டுப் படமெடுத்தார்கள்.
ஒருவன் கன்னத்தை வைத்து எடுத்தான்,
ரத்தம் வந்தது, அதையும் எடுத்தான்.

துளையை அடைக்கவா?
"முதல்ல நிறத்தை மாத்து" என்றார் அண்ணர்.
இடது கதவில் தொடங்கினேன்.
சிவப்பு உரிந்தது.
வெள்ளை உரிந்தது.
கீழே ஒரு வெளிர்நீலம், எனக்குத் தெரியாத காலத்து நீலம்.
அதற்கும் கீழே
மூன்று சாம்பல் வட்டங்கள்.

ஈயம்.
டச்பார் ரொசைரோவின் கை அது,
அரம் போட்ட சாய்வில் தெரிந்தது.
ஈயம் துளைத்த இடத்தை
ஈயத்தாலேயே அடைத்திருந்தார்.

உட்தட்டைக் கழற்றி டோர்ச் அடித்தேன்.
இந்த மூன்றுக்கும்
விளிம்பு உள்நோக்கி மடிந்திருந்தது.

கூப்பிட்டுக் காட்டினேன்.
"அது பழசு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "தொண்ணூறு" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
தேத்தண்ணி சொல்லவா என்றார்.
அந்தப் பக்கத்து சீட்டில் யார் இருந்தது என்று
நான் கேட்கவில்லை.

நிறம் மாற்றும் வேலை அப்படியே நின்றது.
படம் வந்து ஓடு ஓடென்று ஓடியது.
கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார்,
படத்துக் கார்களைச் சேர்ப்பவர்.
லப்டொப்பில் ஒரு மணி ஏழாம் நிமிசத்தில் நிறுத்தி
காரைச் சுற்றிச் சுற்றி ஒப்பிட்டார்.
காருக்கு ஒன்பது லட்சம்,
பதினொரு துளைக்கு இன்னும் ஐந்து.
இடப்பக்கம் வந்ததும் நின்றார்.

"இது படத்தில இல்லையே?"

"இல்லத்தான்" என்றார் அண்ணர்.

"அப்ப மூடிருங்க. படத்தில இருந்த மாதிரியே வேணும்."

பட்டி குழைத்தேன்.
தகட்டிலேயே இறுகிப்போனது.
இன்னொரு தரம் குழைத்தேன்.
அதுவும்.

பிறகுதான் ஞாபகம் வந்தது:
பாய்கிறவருக்கு வசதியாக
எரிகிற காரின் இடது கதவை
முதலே கழற்றி வைத்திருந்தார்கள்.
லாபிர் காக்காவின் கோழிக்கூட்டை மறித்துக்கொண்டு நின்றது,
நெருப்புப் படாமல், சிவப்பாக,
எச்சத்தோடு.
கிலோக் கணக்கில்தான் தந்தார்.
இம்முறையும் சிரிக்கவில்லை.

பூட்டினேன்.
கொழும்புக்காரர் விரலால் தடவிப் பார்த்து
"இப்ப சரி" என்றார்.
கார் போய்விட்டது,
சுட்ட இடங்களோடு.

மற்றது மூன்று வாரம் சுவரோடு சாய்ந்து கிடந்தது.
பில்லில் அதற்கொரு வரி எழுதி
விலையிடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்
கிருபைராசா அண்ணர் ஓட்டோ பிடித்து வந்தார்.
பின்சீட்டில் அவரும் கதவுமாக
நெருக்கியடித்து ஏறினார்கள்.
ஓட்டோக்காரன் பிறகு சொன்னான்:
பாலத்தில் காற்று அடித்ததும்
மடியிலிருந்த கதவின் பிடியைச் சுற்றி
கண்ணாடியை இறக்கினாராம்,
பாலம் முடிய
ஏற்றினாராம்.