வழக்கமாக வசிப்பவர்

முதலில் படம் போடச் சொன்னார்கள்.
வடக்கு மேலே இருக்க வேண்டும்,
அம்புக்குறி கட்டாயம்.
எனக்கு வந்த தொகுதிக்கு
வடக்கெல்லை ரயில் பாதை,
தெற்கே நொய்யல்,
மேற்கே ஒரு சாயப்பட்டறையின் பின்சுவர்,
கிழக்கே எல்லையென்று காட்ட
ஒரு வேப்பமரமும் டாஸ்மாக் கடையும்.
மரம் வேண்டாம் டீச்சர், என்றார் மேற்பார்வையாளர்,
அடுத்த முறைக்குள் வெட்டிவிடுவார்கள்.
கடையை வரைந்தேன்.

ஆற்றுக்கென்று
நீல ஸ்கெட்ச் வாங்கி வைத்திருந்தேன்.
பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு
பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியின் சாக்பீஸ்தான்.
நிலைக்கு மேலே எண் போட்டுக்கொண்டே போனேன்.
முப்பத்தெட்டில் பனியன் மடிக்கிறார்கள்.
முப்பத்தொன்பது பூட்டு.
நாற்பதில், கதவைத் திறந்த பெண்
ரேஷன் கார்டு, மின்சார ரசீது, கல்யாணப் பத்திரிகை
எல்லாவற்றையும் என் மடியில் வைத்துவிட்டு
ஓவர்டைமுக்குப் போய்விட்டாள்,
சாத்திக்கிட்டுப் போயிருங்க அக்கா என்று.

நாற்பத்தொன்று லைன் வீட்டின் கடைசி அறை.
பத்துக்குப் பத்து.
ஆணியில் பதினோரு சட்டை.
கூடவே வந்தார் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி,
வீட்டு வரிக்குத்தான் வந்திருக்கிறேன் என்ற பயத்தில்.
"இவிங்கெல்லாம் ஆருங்க?"
"ஒறம்பரைங்க."
"பதினோரு பேருமா?"
"தூரத்து ஒறம்பரைங்க டீச்சர்."

பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்,
மீதிப் பேரின் பாயில்.
ராத்திரி ஷிப்ட் போனதும்
பாய் கைமாறும்.
விழித்திருந்தவன் பெயர் பிரமோத் பெஹரா.
சொந்த மாவட்டம்?
"கஞ்சம்" என்றான்.
வீட்டுக்காரரைத்தான் சொல்கிறான் என்று
ஒரு நொடி சிரித்துவிட்டேன்.
அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.
பிறகு, ஒடிசா என்று எழுதினேன்.

விதி இதுதான்:
ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் ஆறு மாதம் இருக்கப்போவதாக
அவரே சொல்ல வேண்டும்.
இன்னும் ஆறு மாதம் இருப்பாயா, பிரமோத்?
அவன் நல்ல தமிழில் சொன்னான்:
"ஆர்டர் வந்தா."
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஆம் என்பதில் புள்ளி வைத்தேன்.
அமெரிக்காவில் யாரோ
சட்டை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்,
என் கணக்கு பிழையாகாமல் இருக்க.

எல்லாம் முடிந்த பின்
சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று
வகுத்துப் போடுவார்கள்.
தாராபுரத்து மேட்டாங்காட்டில்
கிளுவை வேலிக்குள் தனியாக மேய்கிற
காங்கேயம் மாட்டின் கொறங்காடும்,
காற்றாடிகள் சுற்றுகிற வெற்று மேடும்,
உடுமலைக்கு மேல் யானைகள் நடக்கிற மலையும்
அந்தக் கணக்கில் சேரும்.
வீட்டுக்கு வந்து
சும்மா நானே வகுத்துப் பார்த்தேன்.
ஆளுக்கு அரை ஏக்கர் வந்தது.

பாயில் பாதி கிடைக்காதவனுக்கு
அரை ஏக்கர்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச்
சோறு வடிக்கப் போனேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்று
கூட்டி, கையெழுத்திட்டு,
மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.
மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது
வடக்கெல்லையின் மேல்
தன்பாத் ரயில் நின்றுகொண்டிருந்தது.
வாளியோடு, சுருட்டிய போர்வையோடு,
பிளாட்பாரம் இல்லாத பக்கமாகவே குதித்து
தண்டவாளம் தாண்டி
என் படத்துக்குள் இறங்கினார்கள்.

மீசை முளைக்காத ஒருவன்
செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.
திரையில் ஒரு கதவின் புகைப்படம்.
நிலைக்கு மேலே நாற்பத்தொன்று,
என் கையெழுத்து.
நாலுக்கு நான் போடுகிற அந்தக் கோணல் வால்.

"ஒறம்பரையா?" என்றேன்.
அவன் தலையை ஆட்டினான்.
பட்டறைச் சுவரை ஒட்டியே போ,
ஆறு வந்துவிட்டால் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம்,
கையைக் காட்டிச் சொன்னேன்.
முதல் மணி அடித்துவிட்டது.