பேய் 63

பணகுடிக்குத் தெற்கே காற்றாலைக் காட்டில்
எனக்கு ராத்திரி வேலை.
மீட்டர் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
பாதி உடைந்த ஃபேன்,
மேலப்பாளையம் மசூது ஏற்றிக் கொடுத்த
இருநூற்றுப் பதினோரு பேய்ப்படங்கள்.

ஒன்றையும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.
மூன்று நாள் ஓடி
நாலாம் நாள் பக்திப் படத்துக்கு இடம் விட்டவை.
போஸ்டர் பசை காயுமுன் செத்தவை.

பெரிய படத்துப் பேய் எனக்கு ஆகாது.
அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.
இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிஷம்
மஞ்சள் வெளிச்சத்தில் அது மனுஷியாய் இருந்த காலம்,
ஒரு பாட்டு, ஒரு பாவி, ஒரு கிணறு.
நியாயம் கிடைத்ததும் புகையாகிவிடும்
நகையை மீட்டுக்கொண்டு
அடகுக்கடைப் படி இறங்குகிறவர் மாதிரி.

என் படங்களில் காரணத்தை எடுக்கக் காசு இருந்ததில்லை.
வருகிறது. நிற்கிறது.
ஏன் என்று சொல்லும் காட்சிக்கு முன்பே
தயாரிப்பாளர் ஊருக்கு பஸ் ஏறியிருப்பார்.

மைக்கின் நிழல் சுவரில் ஆடும்.
பேயின் மணிக்கட்டில்
வாட்ச் கழற்றிய வெள்ளைத் தடம் தெரியும்.
சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன்.
ஆனால் யோசியுங்கள்,
மணி பார்த்துவிட்டு வந்த பேய் அது.

எங்கள் பக்கம் மாடனுக்குக் கொடை உண்டு,
சுருட்டு, கிடா, படையல்.
எந்த மரத்தடியில் நிற்பார்,
எத்தனை மணிக்கு எந்தப் பாதையில் வருவார், தெரியும்.
விலாசம் தெரிந்தவரிடம் மரியாதைதான் வரும்.
பயம் வேண்டுமென்றால்
நான் சினிமாவுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

அறுபத்து மூன்றாவது படத்துக்குப் பெயர் கிடையாது.
முதல் சுருள் தொலைந்துவிட்டது.
நடித்தவர் யார், எடுத்தவர் யார்,
மசூதுக்கும் தெரியாது. ‘பேய் 63’ என்று பதிந்துவைத்தான்.
சாயம் போன பிரதி,
வானமும் மணலும் ஒரே ரோஸ்.

நாற்பத்தேழாவது நிமிஷம்.
தேரிமணலில், பனை மூட்டில், அவள் நிற்கிறாள்.
கண்ணில் மண் விழுந்து சிமிட்டுகிறாள்.
ஒரு நாட்டுநாய் சட்டத்துக்குள் வருகிறது.
யாரும் விரட்டவில்லை. ஃபிலிம் விலை அப்படி.
அவள் பாதத்தை மோந்துவிட்டு
பக்கத்திலேயே உட்காருகிறது.
பிறகு தலையைத் திருப்பி
அவளையும் பார்க்காமல், கேமராவையும் பார்க்காமல்
நமக்குச் சற்று இடப்பக்கம்
எதையோ பார்க்கிறது.
வால் மெல்ல உள்ளே போகிறது.

‘இதுக்கா பயப்படுதிய? நாயில்லா அது’
என்றான் கோயில்பிச்சை, கூட வேலை பார்ப்பவன்.
விடிய மூன்று மணிக்கு எழுப்பிக் கேட்டான்:
‘அண்ணே, அந்த நாய் எதப் பாத்திருக்கும்?’
அன்றிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் காற்றாலைக்கு
அவன் தனியாகப் போவதில்லை.

வார விடுப்பில் குட்டம் தேரிக்கு வண்டியை விட்டேன்.
எல்லாப் பனையும் ஒரே பனை.
பெட்டிக்கடைக்காரர் கலர் பாட்டிலைத் திறந்துகொண்டே
‘படமா? இங்கனயா?’ என்றார்.
மணல்மேட்டின் சரிவை வைத்துத்தான்
இடத்தைக் கண்டுபிடித்தேன்.
அவள் நின்றது இங்கே.
கேமரா அங்கே.
அப்படியானால் நாய் பார்த்தது
என்று கணக்குப் போட்டு நடந்து, நின்று, திரும்பினேன்.
உடைமுள், வெயில், ஒரு செருப்பு.
வேறொன்றும் இல்லை.
வண்டிக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது:
அது பார்த்த இடத்தில்
இவ்வளவு நேரம் நின்றது நான்.

ராத்திரி மறுபடி போட்டேன்.
நாய் உட்கார்ந்தது.
தலை திரும்புமுன் நிறுத்திவிட்டேன்.
‘அடுத்த லிஸ்ட் அனுப்பட்டுமா’ என்கிறான் மசூது.
கொஞ்ச நாள் ஆகட்டும் மக்கா.

மேஜைத் திரையில் சிவப்பு எரிகிறது:
பத்தொன்பது நின்றுவிட்டது. போய்ப் பார்க்கணும்.
கோயில்பிச்சை ஒன்றும் பேசாமல்
டார்ச் லைட்டை
என் பக்கமாக நகர்த்தி வைக்கிறான்.